பக் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் அதன் மூச்சைக் கேளுங்கள்

2003-ல் வந்த ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஓடிவந்தது ஒரு சப்பை மூக்கு நாய். அன்றிலிருந்து பக் நாய்க்கு நம் ஊரில் தனி மவுசு. கம்பெனி வோடபோன் என்று பெயர் மாற்றிக்கொண்டபோது நாயும் வோடபோன் நாய் ஆகிவிட்டது. பக்கைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் இன்றைக்கும் யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்.

விளம்பரம் ஒரு நிமிடம்தான். உண்மையில் அந்த நாய் அப்படி ஓடினால் எப்படி மூச்சு வாங்கும் என்பதை அது காட்டவில்லை. பக் வளர்ப்பதில் நீங்கள் எடுக்கப்போகிற முடிவுகள் ஏறக்குறைய எல்லாமே, எந்தக் குட்டி, எவ்வளவு சாப்பாடு, எப்போது நடை, எப்படிப் பயணம் என எல்லாமே, அந்தக் குட்டை மூக்கில்தான் வந்து நிற்கும். இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு இது ஓர் அருமையான வீட்டு நாய். புரியாமல் வாங்கியவர்களுக்கு வருடம் முழுக்க மருத்துவமனை வாசல்.

உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா?

வளர்ந்த பக் சுமார் ஓர் அடி உயரம், 6 முதல் 8 கிலோ எடை. பெரும்பாலும் மங்கிய கோதுமை நிறம், முகம் மட்டும் கறுப்பு. முழுக்கக் கறுப்பாகவும் உண்டு. சீன அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே வளர்த்த இனம். 16-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பா போய், ஹாலந்தின் ஆரஞ்சு அரச குடும்பத்துக்குச் செல்லமாகி, அங்கிருந்து இங்கிலாந்துக்கும் போனது. வேட்டை, காவல், ஆடு மேய்ப்பு எதற்கும் இதை யாரும் பழக்கியதில்லை. மனிதர் பக்கத்தில் இருப்பதுதான் இதன் ஒரே வேலை. அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்யும். நீங்கள் சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு வரும், குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். பெரியவர்களோடும் குழந்தைகளோடும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். தேவையில்லாமல் குரைப்பது குறைவு. அடுக்குமாடி வீடே போதும்.

இதனாலேயே சிலருக்கு இது ஒத்துவராது. காலையில் எல்லோரும் வேலைக்குப் போய் இரவுதான் திரும்புகிற வீடு என்றால் வேண்டாம். இந்த நாய் தனிமையைத் தாங்காது. காவலுக்கு நாய் தேடுகிறவர்களுக்கும், கூடவே ஜாகிங் ஓட ஒரு துணை தேடுகிறவர்களுக்கும் வேண்டாம். தகரக் கூரை வீடு, வெயில் நேராக இறங்கும் மேல்மாடி அறை, மொட்டை மாடியில் கூண்டு என்று யோசிக்கிறவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம். கோடையின் உச்சத்தில் பகல் முழுக்க குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள ஓர் அறையாவது இருக்க வேண்டும். ஏசி ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் ஒரு நாட்டு நாய்க் குட்டியை எடுத்து வளர்க்கலாம். நம் வெயில் அதற்குப் பழக்கம், அன்பிலும் குறைவிருக்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று இனப்பெருக்கத்துக்குத் தடை சொன்ன வெளிநாட்டு இனங்களில் பக்கும் ஒன்று. நீங்கள் குட்டி வாங்கும் சமயத்தில் விதி என்ன என்பதை அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த மூக்கில் என்ன பிரச்சினை

பக் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-ல் தன்னையும் தன் பக் நாய் டிரம்ப்பையும் சேர்த்து வரைந்த படம் லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அதில் உள்ள நாய்க்கு மூக்கு நன்றாகவே வெளியே நீண்டிருக்கும். முகம் தட்டையாக இருந்தால்தான் அழகு என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்ததில் எலும்பு சுருங்கிவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. மூக்குத் துளை வெறும் கீறலாகிவிடும். தொண்டைக்குள் மேலண்ணத்தின் மெல்லிய சதை நீண்டு காற்று வழியை அடைக்கும். பக் மூச்சு விடும்போது கேட்கும் கொர் கொர் சத்தம் அந்த அடைப்பின் சத்தம்தான்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அந்தக் காற்றுப் பாதையே குறுகல் என்றால் உடம்பு குளிர வழியில்லை. வேகமாக இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கும், வீங்க வீங்க இன்னும் அடைக்கும்.

லண்டனில் உள்ள ராயல் வெட்னரி காலேஜ் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, மற்ற நாய்களோடு ஒப்பிடும்போது பக்குக்கு இந்த மூச்சடைப்பு நோய் வரும் வாய்ப்பு சுமார் 54 மடங்கு, கண்ணில் புண் வரும் வாய்ப்பு சுமார் 13 மடங்கு, தோல் மடிப்பில் தொற்று சுமார் 11 மடங்கு என்றது. ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை பக்கை இனி ஒரு சாதாரண நாயாகக் கருத முடியாது என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தெந்த இடத்தில் கண் வைக்க வேண்டும் என்பதை இந்த எண்களே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகின்றன.

குட்டியைத் தேர்ந்தெடுப்பது

பெட் ஷாப் கண்ணாடிக்குப் பின்னால் தூங்கும் குட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். குட்டியைப் பார்த்து எதுவும் தெரியாது. மூச்சுப் பிரச்சினை பெரும்பாலும் வளர வளரத்தான் வெளியே வரும். பார்க்க வேண்டியது தாயை, முடிந்தால் தகப்பனையும். "தாய் ஊரில் இருக்கிறது, போட்டோ அனுப்புகிறேன்" என்று சொல்லும் பிரீடரிடம் (நாய்களை இணை சேர்த்துக் குட்டி விற்பவரிடம்) சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தாயின் மூக்குத் துளையைப் பாருங்கள். நன்றாகத் திறந்து, உள்ளே இருட்டு தெரிய வேண்டும். மூச்சு இழுக்கும்போது மூக்கின் ஓரம் உள்ளே ஒட்டிக்கொண்டால் அது நல்லதல்ல. அப்புறம் அதை நடக்க விடச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப்பும் சேர்ந்து 2019-ல் கொண்டுவந்த மூச்சுப் பரிசோதனை மிக எளிமையானது. ஓய்வாக இருக்கும்போது நாயின் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார்கள், 3 நிமிடம் சுறுசுறுப்பாக நடக்க வைப்பார்கள், மறுபடி கேட்பார்கள். 0 முதல் 3 வரை தரம். 0 என்றால் சுத்தம், 3 என்றால் கடுமையான அடைப்பு. உங்கள் கையில் ஸ்டெதஸ்கோப் இருக்காது, பரவாயில்லை. குளிர்ந்த காலை நேரத்தில் அந்த 3 நிமிட நடைக்குப் பிறகு காதால் கேளுங்கள். நடந்து வந்த தாய் ஒரு நிமிடத்தில் வாயை மூடிக்கொண்டு அமைதியானால் நல்லது. அறைக்கு அந்தப் பக்கம் வரை சத்தம் கேட்டால், நுரை நுரையாய்ச் சளி கக்கினால், அந்தக் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மூக்கு கொஞ்சம் நீண்டிருக்கும் குட்டியை "இது ஒரிஜினல் பக் இல்லை" என்று மட்டம் தட்டுவார்கள். நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

காகித விஷயம் சுருக்கமாக. 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விற்பனை விதிகளின்படி பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. 30 நாள் குட்டி என்று யாராவது கொடுத்தால் அது விதிமீறல் மட்டுமில்லை, தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் பழக வேண்டிய வயதில் பிரித்த குட்டி, பின்னால் கடிக்கும் பழக்கத்தோடு வளரலாம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அவர்கள் தரும் சான்றிதழ் பரம்பரையைச் சொல்லும். ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: வளர்ந்த பக்கைத் தத்தெடுப்பது. விளம்பரத்தைப் பார்த்து வாங்கிவிட்டுச் செலவு தாங்காமல் கைவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விலங்கு நலக் காப்பகங்களில் விசாரித்தால் இரண்டு மூன்று வயது நாய்கள் கிடைக்கும். அந்த வயதில் மூச்சு எப்படி, கண் எப்படி என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்துவிட்டிருக்கும். குட்டியில் எடுப்பது சூதாட்டம்தான். தத்தெடுப்பதில் பாதி சீட்டைப் பார்த்துவிட்டு ஆடலாம்.

முதல் வாரம்

வருவதற்கு முன்பே சில மாற்றங்கள். கழுத்துப் பட்டை வாங்காதீர்கள், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். கழுத்தை இழுத்தால் மூச்சும் திணறும், துருத்திய கண்ணிலும் அழுத்தம் ஏறும். சாப்பாட்டுத் தட்டு ஆழமில்லாமல் அகலமாக இருக்கட்டும். சப்பையான முகத்துக்கு ஆழமான கிண்ணத்தில் எட்டாது. தரையோடு ஒட்டி நிற்கும் முள் செடித் தொட்டிகளை, குறிப்பாக ரோஜாவை, எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். தென்னை ஈர்க்குமாறும் அப்படியே. குட்டி அதைத் துரத்திக் கடித்து விளையாடும், ஒரு குச்சி போதும் கண்ணைக் கிழிக்க. சம்ப்பின் மூடியைப் பூட்டிவையுங்கள். பக்குக்கு நீச்சல் வராது, கனத்த உடம்பும் குட்டைக் காலுமாக மூழ்கிவிடும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ டாக்டரிடம் காட்டுங்கள். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில். அதன்பின் 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை பூஸ்டர்கள். 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி. குடற்புழு மருந்து குட்டிப் பருவத்தில் அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும், அட்டவணையை டாக்டர் எழுதித் தருவார். ஊசி முடியும்வரை தெரு நாய்கள் புழங்கும் இடத்தில் தரையில் விடாதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் சில நாளில் குட்டி போய்விடலாம். ரேபிஸ் சான்று கைக்கு வந்ததும் மாநகராட்சி உரிமம் எடுத்துவிடுங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம்.

சிறுநீர் மலம் பழக்குவதில் பக் கொஞ்சம் பிடிவாதம். மழை நாளில் வாசலைத் தாண்டவே மறுக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். சரியான இடத்தில் போனால் உடனே பாராட்டுங்கள். அதட்டினால் சோபாவுக்குப் பின்னால் ரகசியமாகப் போகப் பழகிவிடும், அவ்வளவுதான்.

சாப்பாடு: இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள்

பக்குக்கு வயிறு நிறைந்தது என்று தெரியாது. எப்போதும் பட்டினி கிடந்த மாதிரியே பார்க்கும். அந்த நெற்றிச் சுருக்கமும் பெரிய கண்ணும் சேர்ந்தால் பாட்டியின் கை தானாகவே தட்டை நீட்டும். வீட்டில் ஆளுக்கொரு மாரி பிஸ்கட் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 7 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 கலோரி போதும். நாலு மாரி பிஸ்கட்டே நூறைத் தொட்டுவிடும். நாலில் ஒரு பங்கு சாப்பாடு பிஸ்கட்டிலேயே முடிந்தது, அதற்கு மேல் வழக்கமான சோறு வேறு.

குண்டு பக் பார்க்க அழகு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கழுத்தில் ஏறும் கொழுப்பு நேராக மூச்சுக் குழாயைச் சுற்றித்தான் உட்காரும். ஏற்கெனவே குறுகலான பாதை இன்னும் குறுகும். மூச்சுத் திணறும் பல பக்குகளுக்கு டாக்டர் முதலில் சொல்லும் வைத்தியமே எடைக் குறைப்புதான். விலாவில் கை வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் எடை கூடிவிட்டது. மாதம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்து, காலண்டரில் எழுதிவையுங்கள்.

கடையில் வாங்கும் உணவோ வீட்டுச் சாப்பாடோ, அளந்து வையுங்கள். குட்டிக்கு நாளுக்கு மூன்று நான்கு வேளை, வளர்ந்ததும் இரண்டு. வீட்டுச் சாப்பாடு என்றால் உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் சோறு, கேரட், பூசணி. கால்சியம் போன்றவை குறையாமல் இருக்க டாக்டரிடம் ஒரு பட்டியல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் தயிர்சாதத்திலேயே வளர்ப்பவர்கள் நிறைய பேர். அந்த நாய்க்கு வயிறு நிறையும், புரதம் போதாது. சாம்பார் சாதம், பிரியாணி மிச்சம் எல்லாம் வெங்காயத்துக்காகவே வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு ஆகியவையும் தொடக்கூடாதவை. பாயசத்தில் கிடக்கும் ஒன்றிரண்டு உலர் திராட்சையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழக்குவதற்குத் தீனி வேண்டும் என்றால் அன்றைய பங்கிலிருந்தே கொஞ்சம் எடுத்து வைத்துக் கொடுங்கள். பக் அதற்காக எதையும் கற்றுக்கொள்ளும்.

வெயில்

கத்திரி வெயிலுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் கடலோர ஊர்களில் புழுக்கமும் அதே அளவுக்கு ஆபத்து. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கிலிருந்து ஈரம் ஆவியாகாது, எவ்வளவு இரைத்தாலும் உடம்பு குளிராது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் 32 டிகிரிதானே என்று நடக்கக் கூட்டிப்போய் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஏர் கூலரும் சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் இதே காரணத்தால் பெரிதாக உதவாது. மின்விசிறி ஓரளவு, ஏசி நன்றாக.

கோடையில் நடை காலை ஆறரைக்கு முன்னால், இரவு எட்டு மணிக்குப் பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. 15 முதல் 20 நிமிட நடை போதும். நடுவில் அதுவாக உட்கார்ந்துவிட்டால் இழுக்காதீர்கள், அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். மதியம் கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்பே ஒரு திட்டம் இருக்கட்டும்: இன்வெர்ட்டரில் ஒரு மின்விசிறி, மொசைக் தரையில் ஈரத் துண்டு விரித்த ஒரு மூலை, குளிர்ந்த தண்ணீர். தீபாவளி இரவில் வெயில் இல்லாவிட்டாலும் பயத்தில் இரைத்தே சூடேறிவிடும், ஜன்னலை மூடி ஏசியில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

வெப்பத் தாக்கின் அடையாளங்கள்: நிற்காத இரைப்பு, பிசுபிசுத்த எச்சில், நாக்கு அடர் சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறுவது, தள்ளாட்டம், வாந்தி. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இதுதான். நிழலுக்குக் கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீரைக் கழுத்து, வயிறு, தொடை இடுக்கு எல்லாம் படும்படி ஊற்றிக்கொண்டே இருங்கள், மின்விசிறியை நேராக வையுங்கள். மேலே ஈரத் துண்டைப் போர்த்த வேண்டாம், அது சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதலில் குளிரவைத்து, அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். ஆட்டோ தேடும் பதற்றத்தில் தண்ணீர் ஊற்றாமல் விடுவதில்தான் உயிர் போகிறது. தானாகத் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியும்.

எந்தச் சத்தம் சரி, எது சரியில்லை

புதிதாக பக் வளர்ப்பவர்களை நடுங்கவைப்பது ஒன்று உண்டு. திடீரென்று நாய் அப்படியே நின்று, கழுத்தை நீட்டி, மூக்கால் கர்ர் கர்ர் என்று காற்றை உள்ளே இழுக்கும். செத்துவிடப் போகிறது என்று தோன்றும். அது பின்னோக்கிய தும்மல். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும், நாய் எதுவுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டும். தொண்டையை மெல்லத் தடவிக்கொடுங்கள், போதும். எப்போதாவது வந்தால் கவலையில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு. தலையைத் தலையணையில் நிமிர்த்தி வைத்துத்தான் தூங்கும், உட்கார்ந்தபடியே தூங்கி விழும், பொம்மையை வாயில் கவ்விக்கொண்டு தூங்கும். இதையெல்லாம் வீடியோ எடுத்துச் சிரிப்பு இசையோடு போடுகிறார்கள். உண்மையில் வாயை மூடினால் மூச்சு விட முடியாததால்தான் அது அப்படித் தூங்குகிறது. சாப்பிட்டதும் அடிக்கடி கக்குவதும் இதோடு சேர்ந்து வரலாம். "பக் என்றால் குறட்டை விடத்தானே செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். மூக்குத் துளையை அகலப்படுத்தவும் நீண்ட அண்ணச் சதையைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை இருக்கிறது. இளம் வயதிலேயே செய்தால் பலன் அதிகம், கருத்தடை அறுவையோடு சேர்த்தே செய்யலாமா என்று கேளுங்கள். மயக்க மருந்து இந்த இனத்துக்குச் சற்று ஆபத்து என்பதால், சப்பை மூக்கு நாய்களுக்குச் செய்து பழகிய டாக்டராக, அறுவை முடிந்தபின் முழுதாகத் தெளியும்வரை கூடவே ஆள் இருக்கிற மருத்துவமனையாகப் பாருங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பலருக்கும் முதல் இடம். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

நாக்கோ ஈறோ நீலம் பூத்தால், நடக்கும்போது சுருண்டு விழுந்தால், அன்றைக்கே, அந்த மணிநேரமே போக வேண்டும்.

கண்

பக்கின் கண்குழி ஆழமில்லாதது. விழி வெளியே நிற்கும், இமை முழுதாக மூடாமலும் போகலாம். தினமும் காலையில் வெளிச்சத்தில் ஒரு பார்வை பாருங்கள். ஒரு கண்ணை மட்டும் சுருக்குகிறதா, காலால் தேய்க்கிறதா, பச்சையாகப் பீளை வருகிறதா, விழியில் நீல மூட்டம் தெரிகிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றே டாக்டர். கருவிழிப் புண் ஒரே நாளில் ஆழமாகிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களின் சொட்டு மருந்தை விடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் வேகமாகக் கரைந்து ஓட்டையாகும். தாய்ப்பால், தேன் வைத்தியமும் வேண்டாம்.

சண்டையிலோ கழுத்தைப் பிடித்து இறுக்குவதாலோ விழி வெளியே பிதுங்கிவிடுவதும் இந்த இனத்தில் நடக்கும். அப்படி ஆனால் உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான ஈரத் துணியால் மெதுவாக மூடி, தேய்க்க விடாமல் பிடித்துக்கொண்டு ஓடுங்கள். சீக்கிரம் போனால் சில கண்கள் பிழைக்கும். வீட்டில் பூனை இருந்தால் பக் அதனிடம் மூக்கை நீட்டிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதற்கு மூக்கு எட்டும் முன் கண் எட்டிவிடும்.

மற்ற பராமரிப்பு

மூக்குக்கு மேலுள்ள மடிப்பைத் தினம் ஒருமுறை ஈரப் பஞ்சால் துடைத்து, பிறகு உலர்ந்த பஞ்சால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். ஈரம் தங்கினால் பூஞ்சை, புளித்த வாடை. பவுடர், தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் மடிப்புக்குள் போடாதீர்கள். முடி கொட்டும், நிறையக் கொட்டும், குட்டை முடிதானே என்று ஏமாந்துவிடாதீர்கள். கறுப்பு வேட்டி கட்டுகிற வீட்டுக்குக் கோதுமை நிற பக் கொஞ்சம் சோதனைதான். ரப்பர் பிரஷ்ஷால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாருங்கள். குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நாய் ஷாம்பூவில், மடிப்பெல்லாம் உலரத் துடைத்து. டைல்ஸ் தரையில் நகம் தேயாது, அதனால் வெட்ட வேண்டும். 42 பல்லும் குட்டைத் தாடையில் நெருக்கியடித்து நிற்பதால் அழுக்கு சேரும், நாய்களுக்கான பற்பசையால் தேய்த்துப் பழக்குங்கள். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து நகர்ந்தால் எப்போதும் புழுதான் என்று நினைக்க வேண்டாம், ஆசனவாய்ச் சுரப்பி நிரம்பியிருக்கலாம். உண்ணிக்கு மாதாமாதம் மருந்து. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பாருங்கள், உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சாதாரணமாக வரும்.

பயணமும் வெளியூரும்

ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் பக்கை நிற்க வைத்து மதியம் ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். கீழே தார்ச்சாலைச் சூடு, பின்னால் இன்ஜின் சூடு, முகத்தில் புழுதி. அவசரம் என்றால்கூட ஆட்டோ எடுங்கள். காரில் ஏசி ஓடட்டும். ஐந்து நிமிடம் என்றாலும் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள், நிழலில் நிறுத்தினாலும்.

ரயிலில் முதல் வகுப்பில் முழு கூபேயோ (இரண்டு பேருக்கான தனி அறை) கேபினோ பதிவு செய்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், அதற்கான கட்டணத்தைப் பார்சல் அலுவலகத்தில் கட்ட வேண்டும். கூபே கிடைக்காவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில் போடலாம் என்பார்கள். பக்கை அதில் போடவே போடாதீர்கள், கோடையில் அது அடுப்பு. விமானத்தில் சரக்குப் பகுதியில் சப்பை மூக்கு நாய்களைப் பல நிறுவனங்கள் ஏற்பதே இல்லை, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமணம், கோயில் என்று நீங்கள் மட்டும் ஊருக்குப் போவதாக இருந்தால், காசு வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கை விட, நாய்க்குப் பழகிய ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து தங்குவது நல்லது. போர்டிங்தான் என்றால் மதியம் இரண்டு மணிக்கு, சொல்லாமல் போய் இடத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் அங்கே எவ்வளவு சூடு இருக்கிறது, ஏசி ஓடுகிறதா அல்லது பெயருக்கு மாட்டியிருக்கிறார்களா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவர்களிடம் ஒரே ஒரு தாள் கொடுங்கள்: டாக்டர் எண், இரவு நேர மருத்துவமனை எண், சாப்பாட்டு அளவு, நடக்கும் நேரம், நாக்கு நிறம் மாறினால் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற குறிப்பு. "பாவம், பசிக்கிறது போல" என்று அவர்கள் சொன்னால், பசிக்கவில்லை என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.